வரி வசூல் அறையில் கட்டிலைப் போட்டால்

எங்கள் அறைக் கதவுக்கு மேலே பழைய மரப்பலகை ஒன்று, அதில் மங்கிய தங்க எழுத்தில் ‘வரி வசூல்’ என்று இருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளையாட்டுக்குத்தான். ஆனால் மறுநாள் காலையில் அதே அம்மா கண் சிவந்துபோய், “நூறு வருஷமா ஜனங்க வரிசையில நின்னு கத்திட்டுப் போன இடம்டி இது, இங்க கட்டிலைப் போட்டா தூக்கம் எங்கேருந்து வரும்?” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று இரவு தங்கியதில் நான் தெரிந்துகொண்டது எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

நாங்கள் தங்கியது ஒரு பழைய நகர மன்றக் கட்டடம். பெரிய தூண்கள், மணிக்கூண்டு, உள்ளே நுழைந்ததும் இரண்டாகப் பிரிந்து மேலேறும் கல் படிக்கட்டு, எல்லாம் உண்டு. நிர்வாகம் வேறு இடத்துக்குப் போன பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்து, நாற்பது சொச்சம் அறைகளோடு பொட்டீக் ஓட்டலாக, அதாவது தனி அழகோடு நடத்துகிற சின்ன ஓட்டலாக, மாறியிருக்கிறது. பெயரை எழுதவில்லை. அங்கே நாங்கள் பட்ட கஷ்டத்தில் பாதி அந்த ஓட்டலின் தப்பே இல்லை, கட்டடத்தின் பிறவிக்குணம். இதே மாதிரி வேறு எங்கே தங்கினாலும் வரும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இப்படி மாறிய கட்டடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. சிங்கப்பூரின் ஃபுல்லர்ட்டன் 1928இல் திறந்த தலைமைத் தபால் நிலையக் கட்டடம், 2001இல் ஓட்டலானது. அது நானூறு அறை கொண்ட பெரிய ஓட்டல், பொட்டீக் இல்லை, ஆனால் மாற்றம் என்னவோ அதே மாற்றம்தான். லண்டனில் பெத்னல் கிரீன் டவுன் ஹால் 1910இல் கட்டப்பட்டு, 1939இல் நீட்டிக்கப்பட்டு, 2010இல் ஓட்டலாகத் திறந்தது. ஸ்டாக்ஹோமில் லாங்ஹோல்மென் சிறை 1975இல் மூடி, 1989இல் ஓட்டல். ஆக்ஸ்ஃபோர்டில் மால்மேசன் ஓட்டல் இருப்பது 1996 வரை சிறையாக இருந்த கட்டடத்தில். அங்கே மூன்று சிறை அறைகளைச் சேர்த்து ஒரு விருந்தினர் அறை. நகராட்சிகள் இணைகின்றன, வேலை புது அலுவலகத்துக்குப் போகிறது, பழைய கட்டடத்தை இடிக்கச் சட்டம் விடாது, வைத்துக் காப்பாற்றப் பணம் கிடையாது. கடைசியில் யாராவது ஓட்டல்காரர் வருகிறார். தபால் நிலையமோ நீதிமன்றமோ சிறையோ, எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம், அவை மக்கள் பகலில் வந்துபோவதற்காகவோ, விருப்பமில்லாமல் அடைந்து கிடப்பதற்காகவோ கட்டப்பட்டவை. சொகமாகத் தூங்குவதற்கு என்று ஒருவரும் கட்டவில்லை.

முதல் தவறு என்னுடையது. நான் கட்டடத்தை புக் செய்தேன், அறையை புக் செய்யவில்லை. படத்தில் இருந்தது மேயர் அறை: கணப்பு அடுப்பு, மரப்பலகை வேய்ந்த சுவர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஜன்னல். அந்த மாதிரி அறை அந்த ஓட்டலிலேயே ஒன்றுதான் இருக்கிறது என்பது போன பிறகுதான் தெரிந்தது. சாதாரண ஓட்டலில் ‘டீலக்ஸ்’ என்றால் ஐம்பது அறையும் அச்சுப் போட்ட மாதிரி இருக்கும், எது கிடைத்தாலும் ஒன்றுதான். இங்கே அதே வகை, அதே கட்டணம், ஆனால் ஒன்றில் கூரை பதினைந்து அடி, அடுத்ததில் நடுவே புதுத் தளம் செருகியதால் எட்டடி, ஜன்னலின் மேல் பாதி மட்டும் முழங்கால் மட்டத்தில் தொடங்குகிறது. சில இடங்களில் பெரும்பாலான அறைகள் பழைய கட்டடத்திலேயே இருக்காது. பாஸ்டனில் 1851இல் திறந்த சார்ல்ஸ் தெரு சிறை 2007இல் லிபர்ட்டி என்ற ஓட்டலானது. அங்கே பெரும்பாலான அறைகள் பக்கத்தில் புதிதாக எழுப்பிய கோபுரத்தில்தான் இருக்கின்றன. பழைய சுவருக்குள் தூங்க வேண்டும் என்று போகிறவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இன்னொரு பக்கம், நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பவர் புதுப் பகுதியையே கேட்டு வாங்கிக்கொண்டு, பழைய பகுதியைக் காலையில் சுற்றிப் பார்த்தால் போதும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வாசலிலேயே பதினான்கு படி. அம்மாவுக்கு முழங்கால் வலி. பொதுக் கட்டடங்களை அந்தக் காலத்தில் இப்படித்தான் கட்டினார்கள், மனு கொடுக்க வருகிறவர் ஏறும்போதே கொஞ்சம் பணிந்துபோக வேண்டும் என்பது போல. சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்கள், கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம், குப்பை வண்டி நிற்கும் சந்து வழியாக. லிஃப்ட்டும் பின்பக்கம்தான். முன்பக்கப் படிக்கட்டை உடைக்க அனுமதி கிடைக்காது, அதனால் வெளிச்சத்துக்காக விட்டிருந்த ஒரு திறந்த வெளியில் லிஃப்ட்டைச் செருகியிருக்கிறார்கள். அதிலிருந்து இறங்கினால் எங்கள் அறை அதே தளத்தில் இல்லை, ஐந்து படி கீழே. அலுவலர் பகுதியும் பொதுமக்கள் பகுதியும் வேறு வேறு உயரத்தில் கட்டப்பட்டிருந்ததால் அரைத் தளங்கள். அம்மா லிஃப்ட்டிலிருந்து அறைவரை நடந்து எண்ணிப் பார்த்தார், நூற்று நாற்பது காலடி. ‘லிஃப்ட் உண்டா’ என்று கேட்டால் போதாது. ‘தெருவிலிருந்து என் கட்டில்வரை ஒரு படிகூட இல்லாத வழி உண்டா, எந்த அறைக்கு’ என்று கேட்க வேண்டும். நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தேன், அவர்களும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அறைக்குள் போனால் குளியலறை ஒரு பெட்டி மாதிரி நடுவில் நின்றது. சுவர் சீலிங்வரை போகவில்லை, மேலே திறப்பு. இதற்கும் காரணம் இருக்கிறது. சீலிங்கைச் சுற்றி ஓடும் பூவேலைப்பாட்டை வெட்டக்கூடாது என்பதால், பெரிய அறைக்குள் சின்ன அறையைத் தனியாக நிற்க வைக்கிறார்கள், நாளைக்குக் கழற்றினாலும் பழைய சுவரில் கீறல் இருக்காது. பல நாடுகளில் பாரம்பரியச் சட்டம் கட்டடத்தின் வெளிமுகத்தை மட்டும் காப்பதில்லை. இங்கிலாந்தில் பட்டியலில் சேர்ந்த கட்டடத்துக்கு உள்பக்கமும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. அமெரிக்காவில் வருமானம் தரும் பாரம்பரியக் கட்டடத்தை விதிப்படி சீரமைத்தால் தகுதியான செலவில் 20 சதவீதம் கூட்டாட்சி வரிச்சலுகை உண்டு, ஆனால் முக்கியமான பழைய அம்சங்களை அழிக்கக்கூடாது. அழகான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே அறையில் அம்மாவும் மகளும் இருக்கும்போது, மேலே திறந்த கழிப்பறையில் எழும் ஒவ்வொரு சத்தமும் கட்டிலுக்கு வந்து சேர்கிறது. ராத்திரி உள்ளே விளக்குப் போட்டால் அறை முழுக்க வெளிச்சம். வெந்நீர் ஆவியும் நேராகப் படுக்கைப் பக்கம்தான்.

இன்னொன்று, குளியலறைத் தரை அறையின் தரையைவிட ஒரு படி உயரம். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், பழைய கல் தரையைத் தோண்ட முடியாது, அதனால் குழாயைத் தரைக்கு மேலேயே ஓட்டி அதை மூடி மேடை போட்டுவிடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா அதில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டார். அப்புறம் கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அந்தப் படியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தோம். வயதானவர்களோடு போகிறவர்கள் ப்ளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம். எடை ஒன்றும் இல்லை.

இரண்டு மணிக்கு அம்மா ஏன் விழித்திருந்தார் என்றால், மணிக்கூண்டு. கால் மணிக்கு ஒருமுறை இசைக்கும் அந்த மெட்டு 1793இல் கேம்பிரிட்ஜின் புனித மேரி பெரிய தேவாலயத்துக்காக உருவாகி, பிறகு லண்டன் பிக் பென் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் மணிக்கூண்டுகளில் பரவியது. கால் மணிக்கு நான்கு சுரம், அரைக்கு எட்டு, முக்காலுக்குப் பன்னிரண்டு, மணிக்குப் பதினாறு, அதற்குமேல் மணி எத்தனையோ அத்தனை அடி. மணி அடியைச் சேர்க்காமலே ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் நாற்பது சுரம் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பகலில் கேட்டால் ரொம்ப இனிமைதான். நள்ளிரவில் பதினாறும் பன்னிரண்டும் சேர்ந்து இருபத்தெட்டு முறை. காலையில் ரிசப்ஷனில் கேட்டால், ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஒலிக்காதபடி வைத்திருக்கிறோம், அந்த அமைப்பு இரண்டு நாளாகக் கோளாறு என்றார்கள். பழைய மணிக்கூண்டுகள் பலவற்றில் இரவில் மௌனமாக்கும் வசதி உண்டு. அது வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மணியை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. எங்கள் அறைக்கு நேர் கீழே பழைய மன்றக் கூடம். உறுப்பினர்கள் உட்கார்ந்து விவாதித்த இடம், அங்கே பேசினால் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்றே கட்டியது. இப்போது அதைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இப்படிப்பட்ட ஓட்டல்கள் நாற்பது அறையை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்க முடியாது, விழாக்கள்தான் வருமானம். அன்றைக்கு ஒரு திருமண விருந்து, பதினொன்றரைவரை ஆட்டம். முடிந்ததும் கூட்டம் எங்கள் அறை வாசல் வழியாகத்தான் படியேறிப் போனது. கல் தரை, ஓடு பதித்த சுவர், உயரமான சீலிங், ஒலியை உறிஞ்ச அங்கே ஒரு துணிகூட இல்லை. ஒருவர் குதிகால் செருப்போடு நடந்தால் நான்கு பேர் நடக்கிற மாதிரி. அதோடு தீத்தடுப்பு விதிக்காகப் போட்ட கனமான கதவுகள் தானாக மூடிக்கொள்ளும்போது ஒவ்வொன்றும் வெடி. பழைய சுவர் இரண்டடி தடிமன் என்று பெருமையாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் ஒரு பெரிய கூடத்தை இரண்டு மூன்று அறைகளாகப் பிரிக்கப் போட்ட நடுச்சுவர் புதியது, பலகைச் சுவர். பக்கத்து அறைக்காரர் இருமியது எனக்குக் கேட்டது. சுவரைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காலையில் அறையை மாற்றிக் கேட்டேன். ரிசப்ஷனில் இருந்த பையன் நல்ல பையன், ஆனால் அவருக்குக் கணினித் திரையில் தெரிகிற அறை வகைதான் தெரியும். வழியைக் காட்டியது தளத்தைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணி. எந்த அறை அமைதி என்று கேட்டதும் யோசிக்காமல் எண்ணைச் சொன்னார்: பின்பக்கம் இரண்டாவது தளம், பழைய ஆவண அறை. ஆவணங்கள் வைத்த இடம் என்பதால் தீப்பிடிக்காமல் இருக்க நாலு பக்கமும் தடிமனான பழைய சுவர், ஜன்னல் சின்னது, முற்றத்தைப் பார்த்தது, கீழே கூடம் இல்லை, பக்கத்தில் படிக்கட்டு இல்லை. படம் எடுத்தால் ஒன்றும் எடுபடாது, அதனால் யாரும் கேட்பதில்லையாம், கட்டணமும் ஒரு படி குறைவு. அம்மா அங்கே ஒன்பது மணிவரை தூங்கினார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்த மாதிரி இடத்தில் அறை என்ன வகை என்று கேட்பதைவிட, அது முன்னே என்னவாக இருந்தது என்று கேட்டால் வேண்டியது முழுக்கத் தெரிந்துவிடும். கவுண்டராக இருந்தது என்றால் முன்கூடத்தின் சத்தம் வரும். காவலில் வைக்கும் அறையாக இருந்தது என்றால் ஜன்னல் எட்டாத உயரத்தில், இருட்டு. மேயர் அறை என்றால் தெருவைப் பார்த்த பால்கனி, மணிக்கூண்டுக்குப் பக்கம். ஆவண அறை, காவலாளி குடும்பம் தங்கிய வீடு, தட்டச்சர்கள் பகுதி, இவையெல்லாம் பின்னால் ஒதுங்கி இருக்கும். காவலாளி வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அந்தக் கட்டடத்தில் தூங்குவதற்கென்றே கட்டிய இடம் அது ஒன்றுதான்.

அந்தத் தடிமன் சுவருக்கும் ஒரு விலை உண்டு, வைஃபை. அறைக்குள் வந்ததும் இணைப்பு படுத்துவிட்டது. கைபேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினால் கொஞ்சம் பரவாயில்லை, அது வேகம் குறைவு என்றாலும் 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை ஊடுருவும். வேலை இருக்கிறவர்கள் கூடத்தில் போய் உட்காருவதுதான் வழி. ப்ளக் பாயின்ட்டும் குறைவு, பழைய சுவரைக் குடைந்து ஒயர் இழுக்க முடியாது என்பதால் தரையோரமாக ஒன்றிரண்டு மட்டும், கட்டிலிலிருந்து எட்டாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டேன், கொடுத்தார்கள்.

குளிருக்கு வார்ப்பிரும்பு ரேடியேட்டர். திருகிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, வேலை செய்யவில்லை என்று புகார் செய்யக் கிளம்பினேன். அவ்வளவு கனமான இரும்பும் அவ்வளவு தடிமன் சுவரும் சூடேற நேரம் எடுக்கும், ஏறிவிட்டால் சீக்கிரம் இறங்காது. மாலையிலேயே திறந்துவிட்டு, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குறைத்துவிட வேண்டும். நான் முழுசாகத் திறந்தபடி தூங்கிவிட்டு நடு ராத்திரியில் வியர்த்து எழுந்தேன். பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களை மாற்ற அனுமதி கிடைக்காத இடங்களில் உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் போட்டிருப்பார்கள், எங்கள் முதல் அறையில் அதுவும் இருந்தது. அதை இழுத்து மூட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் அலங்காரம் என்று நினைத்துவிட்டோம்.

இவ்வளவு புலம்பினாலும் மறுபடி போவேனா என்றால் போவேன். காலை ஆறரைக்கு, ஒருத்தரும் எழுந்திருக்காதபோது, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படியின் நடுவும் லேசாகக் குழிந்திருக்கிறது, ஆனால் ஏறும் பக்கத்தில் அதிகம், இறங்கும் பக்கத்தில் குறைவு. ஏன் என்று தெரியவில்லை, வேலை முடிந்தவர்கள் பின்வாசல் வழியாக ஓடிப்போயிருப்பார்கள் என்பது அம்மாவின் கணக்கு. காலை உணவு மன்றக் கூடத்தில்தான். உறுப்பினர் பெயர் செதுக்கிய பெஞ்சுகளை அப்படியே வைத்திருந்தார்கள், அதில் உட்கார்ந்தால் முதுகு நேராக நிற்கும், சாய்ந்து சாப்பிட முடியாது.

ஆம்ஸ்டர்டாமில் இன்றைக்கு தி கிராண்ட் என்ற ஓட்டலாக இருக்கும் கட்டடம் 1808 முதல் 1988 வரை நகர மன்றமாக இருந்தது. பின்னாளில் நெதர்லாந்தின் அரசியான பெயாட்ரிக்ஸின் பதிவுத் திருமணம் 1966இல் அங்கேதான் நடந்தது. அந்தக் கட்டடத்தின் ஊழியர் உணவகத்தில் 1949இல் காரெல் ஆப்பெல் என்ற ஓவியர், கேள்வி கேட்கும் குழந்தைகளைச் சுவரில் வரைந்தார். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்று ஊழியர்கள் புகார் செய்ய, பத்து வருடம் அதை மூடியே வைத்திருந்தார்கள். இப்போது ஓட்டலுக்கு அந்தச் சுவர் பெருமை. எங்கள் ஓட்டலிலும் ஏதாவது இப்படி இருக்கும் என்று தேடினேன். கிடைத்தது ஒரே ஒரு அறிவிப்புப் பலகை, வராந்தாவில் துப்பக் கூடாது என்று. பித்தளையில், நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மக்கள் வரிப்பணத்தில் கட்டி, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துபோன இடம், இப்போது வாசலில் ஒருவர் நின்று ‘தங்கியிருக்கிறீர்களா’ என்று கேட்கிறார். தங்காதவர்களும் முன்கூடத்தைப் பார்த்துவிட்டுப் போக விடுகிற ஓட்டலாக இருந்தால் எனக்குப் பணம் கொடுக்க இன்னும் மனசு வரும். அங்கே வாரத்தில் ஒருநாள் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், இலவசம்தான், ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன், எந்த ஓட்டலாக இருந்தாலும் அதையே அனுப்பலாம்: பழைய பகுதியா புதுப் பகுதியா, அந்த அறை முன்னே என்னவாக இருந்தது, மணி அடிக்குமா, அந்தத் தேதிகளில் கூடத்தில் விழா உண்டா, குளியலறைச் சுவர் சீலிங்வரை போகிறதா, தெருவிலிருந்து கட்டில்வரை எத்தனை படி. ஆறே கேள்வி. பதில் சரியாக வந்தால் அந்த இடத்தை நம்பலாம். ‘எங்கள் அறைகள் ஒவ்வொன்றும் தனித்துவமானவை’ என்று மட்டும் பதில் வந்தால், சரி, எனக்கு எந்த அறை விழும் என்று புரிந்துவிடும்.

கிளம்பும் நாள் பழைய பித்தளைக் கம்பி போட்ட கவுண்டரில்தான் கணக்கை முடித்தேன். நூறு வருடம் ஆட்கள் கை வைத்து வைத்து அந்த மரப்பலகை வழவழவென்று இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பினால் அம்மா பின்னால் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார், வேறு யாருமே இல்லாத கூடத்தில்.

“ரசீது வாங்கினியாடி?” என்றார்.